தட்டகலம்

ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டியில்
விடியற்காலை நான்கு மணிக்கு
என் வேலை எளிது:
ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை
நாடா பிடித்து அளப்பது.
தட்டகலம், சென்டிமீட்டரில்.
ஆணா பெண்ணா. எடை. எந்தப் படகு.
எண்ணி வைத்தால்தான்
பிடிக்காதே என்று சொல்ல வாய் வரும் என்பார்
மீன்வளத்துறை ஹஸ்னா.

போன வருஷம் வரை
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி லோரியாய்க் குலைகளை எழுதிய கை.
நட்ட மூன்றாம் வருஷம் காய்க்கும் மரத்துக்குப் பழகியது.
முதல் குட்டி போட ஏழெட்டு வருஷம் எடுக்கும்
திருக்கையின் கணக்கு
பிடிபட நாளானது.

எலும்பே கிடையாது அதற்கு.
வாய் அடியில், கண் மேலே.
தான் தின்பதைத் தான் பார்த்ததேயில்லை.
சேற்றுக்குள் ஒளிந்த இறாலின் துடிப்பைத்
தோலால் கேட்டுத் தோண்டும்.
கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை:
முகம் புதைந்து கிடக்கும்போதும்
மூச்சு விட.
எடைமேடைக் கூண்டில்
எனக்கும் அப்படியொன்று இருந்திருக்கலாம்.

முட்டையிடும் உறவுக்காரர்களும் உண்டாம், வேறு கடலில்.
பயிற்சியில் ஒரு முட்டைப்பையைக் கையில் கொடுத்தார்கள்.
நான்கு மூலையிலும் கொம்பு,
காய்ந்து, கறுத்து,
ஆள் போய்விட்ட வீடு போல.
எங்கள் ஆற்றுவாய்க்கு வருபவை குட்டி போடுபவை.
வயிற்றுக்குள்ளேயே பால் சுரந்து ஊட்டுபவை.
இரண்டு, மூன்று,
மிஞ்சினால் நாலு.

செவ்வாய்க்கிழமை ஆ லெங்கின் படகில் வந்தது
அறுபத்தொன்று. பெண்.
சிமெண்டுத் தரையில் திருப்பிப் போட்டபோது
வாலடியிலிருந்து வெற்றிலைச் சுருள் மாதிரி
ஏதோ நழுவியது.
பிறகு இன்னொன்று.
பிறகும்.
வலைபட்ட அதிர்ச்சியில் இப்படி உதிர்த்துவிடும் என்று
பாடத்தில் இருந்தது.
பாடத்தில் அந்தச் சத்தம் இல்லை,
ஈரமான, சின்னச் சத்தம்.

ஐஸ் உடைக்கும் தெய்ன்தான் பார்த்தான்,
மூன்றாவது சுருள் பிரிந்து
சாண்கூட இல்லாத சிறகால்
தரையைத் தட்டுவதை.
பெயிண்ட் வாளியில் ஆற்றுநீர் மொண்டான்.
"பிழைக்காது" என்றான் ஆ லெங், புகைத்தபடி.
சொல்லிவிட்டுப் படகுக் கயிற்றைத் தளர்த்தி
நாங்கள் படியிறங்க வழிவிட்டான்.

சேற்றுத் தண்ணீர். விட்டதும் காணோம்.
நீந்தியதா மூழ்கியதா,
இரண்டும் அங்கே ஒரே நிறம்.

படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
குட்டி மூன்று என்று எழுதி, அடித்து,
இரண்டு என்று எழுதி,
அதையும் அடித்தேன்.
எடைமேடை ஏட்டில்
என் கையால் ஓர் அடித்தல் விழுந்ததில்லை.

கைப்பேசியில் அம்மா:
'மயூரிக்குப் பால் பத்தல. புள்ள ராவெல்லாம் அழுவுது.
திருக்கை கெடச்சா அரைக் கிலோ வாங்கிட்டு வா,
பூண்டு போட்டுப் புட்டு பண்ணித் தரலாம்.'

ஆ லெங் வெட்டிக்கொண்டிருந்தான்.
காசு வாங்கவில்லை.

மோட்டார் கொக்கியில் பை ஆடிக்கொண்டே வந்தது.
தோட்டப் பாதையின் இருபுறமும்
வயது முடிந்ததென்று நஞ்சேற்றிய மரங்கள்
நிரை நிரையாய் நின்றபடி செத்துக்கொண்டிருந்தன.
மறுநடவுக்குத் தேதி குறித்தாயிற்று.
கறுப்புப் பைகளில்
ஆயிரக்கணக்கில் கன்றுகள் தயார்.
ஆற்றுக்கு
ஒரு பெயிண்ட் வாளி.

லைன் வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது.
பையை வாங்கிப் பிரித்த அம்மா கேட்டாள்:
"பெரிய மீனாடி?"
அறுபத்தொன்று என்றேன்.