பக்க எண்ணெய்

பிரிந்தபோது பிரியோனோ குளிர்பெட்டியை எடுத்துக்கொண்டான்.
எனக்கு வந்தது
தொண்ணூற்றேழாம் வருஷத்து ஆர்எக்ஸ் கிங்,
உள்பஞ்சு கிழிந்த ஹெல்மெட்,
அரை டப்பா பந்தய எண்ணெய்.

செமாராங்கில் இதைப் பக்க எண்ணெய் என்போம்.
பக்கமூடிக்குள் தனியே ஒரு சின்னத் தொட்டி.
எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு
பம்பே அளந்து விடும்.
எரியவென்றே ஊற்றுகிற எண்ணெய்.
எரியுமுன்
பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு கணம் படர்ந்து நிற்க வேண்டும்,
அவ்வளவுதான் அதனிடம் கேட்பது.

அவனுடையது ஆமணக்கு.
ஞாயிற்றுக்கிழமைத் தடத்தில் அது புகையும்போது
ஆண்கள் கண்ணை மூடி மூச்சிழுப்பார்கள்.
நானும் இழுத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

என் வேலை பல்செட் கொண்டுபோய்க் கொடுப்பது.
பெகோஜானில் ஆய்வகம்,
பஞ்சு வைத்த பெட்டியில் பிறருடைய சிரிப்புகள்,
மேட்டின் மேலே பன்யுமானிக் வரை
பதினேழு சிக்னல்.
காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டுவானேன் என்று
இருந்ததன் மேலேயே ஊற்றினேன்.

பத்து நாள் நன்றாகத்தான் ஓடியது.
பதினோராம் நாள் கோம்பேல் ஏற்றத்தில்
இருமியது, விக்கியது, நின்றது.
பின்னால் லாரி. அதன் பின்னால் ஊரே.
பெட்டிக்குள் ஹர்ஜித்தோ ஐயாவின் மேல்வரிசை,
மறுநாள் மகளுக்குக் கல்யாணம்.
பிளக்கைக் கழற்றினால்
கருப்பு, ஈரம்,
தார் ரோட்டில் கிடந்து எடுத்தது மாதிரி.
கம்பித் தூரிகையால் தேய்த்தேன்,
முந்தானை இல்லாத ஊரில் சட்டை நுனியால் துடைத்தேன்.
மனிதர் கிளினிக் வாசலில்
வாயைக் கையால் மூடிக்கொண்டு
ஒன்றே கால் மணி நேரம் நின்றிருந்தார்.
திட்டவில்லை. திட்டப் பல் வேண்டுமே.

அன்று மாலை வென்சென் கடை.
அவன் கைபேசி ஆட்டத்திலிருந்து தலை தூக்காமல்
அலமாரியைக் காட்டினான்.
சிவப்பு, நீலம், பச்சை,
முதுகில் எஃப்சி, எஃப்டி.
படகு எண்ணெய்தான் மலிவு,
தம்பாக் லோரோக் மீனவர்கள் வாங்குவது.
ஆனால் அவர்கள் எஞ்சினுக்குக் கடலே குளிர்நீர்,
என்னுடையது காற்றை நம்பி இருக்கிறது,
சிக்னலில் அந்தக் காற்றும் இல்லை.
மேல்தட்டில் தங்க மூடி, கொடி போட்ட டப்பா.
கை தானாகப் போனது.

நின்று கணக்குப் போட்டேன்.
முள் எட்டாயிரத்தைத் தொட்டு எத்தனை நாள்?
என் பகல் முழுக்க
மூவாயிரத்துக்கும் ஐந்துக்கும் நடுவில்,
பாதி முறுக்கில், பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி.
அந்தச் சூட்டுக்குப் பிறந்த எண்ணெய்
இந்த நடைக்கு எரியாமல் தங்கும்,
தங்கிப் பிசினாகும்,
சைலன்சர் தொண்டையை அடைக்கும்.
எனக்கு வேண்டியது
மெல்லிய பம்புக் குழாயில் தடையின்றி இறங்குவது,
கரி சேரவிடாதது,
பின்னால் அப்பா முதுகில் சாய்ந்திருக்கும் பிள்ளை
மூக்கைப் பொத்தாதிருக்கப் புகை குறைந்தது.
"நடுத்தட்டு," என்றேன். "எஃப்டி. ஒரு லிட்டர்."
"பந்தயம் இல்லையா?" தலை தூக்கினான் இப்போது.
"பல் கட்டுகிற வேலை."

பழையதை வடித்துத் தண்ணீர்ப் புட்டியில் பிடித்தேன்.
விடிந்து பார்த்தால்
அவன் ஆமணக்கும் அதற்கு முந்தையதும்
சேராமல் இரண்டு அடுக்காய் நின்றன.
குலுக்கினேன்; கலங்கின.
பல் தேய்த்து வருவதற்குள் கோடு மறுபடி.

வெள்ளியன்று செய்தி:
அந்த டப்பா மிச்சமிருக்கிறதா, ஞாயிறு ஓட்டம்.
இல்லை என்றேன். நிஜம்தான்.
ஜெயித்தால் சொல் என்றும் எழுதி,
அழிக்கலாமா என்று யோசிக்கையில்
போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துப் பிளக்கைக் கழற்றினேன்.
பனைவெல்லத்தின் நிறம், காய்ந்து, ஓரம் சுத்தமாய்.
ஆய்வகத்தில் நேரமாகிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையில் அது ஆறும்வரை
வைத்துக்கொண்டிருந்தேன்.