என்ன இரும்பு

குளம் வான் பாய்கிறது என்று
ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி
முத்தையன்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.
நான் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து.
இன்னொருக்கால் எண்ணினாலும் பத்து.

பவளராணி, நீ குவைத்துக்குப் போகும்போது
என் பொறுப்பில் விட்டுப்போனது
பேடு ஒன்பது, சேவல் ஒன்று,
கூவப் பழகும் குஞ்சுச் சேவல் ஒன்று.
மிச்சமெல்லாம் குரல்பதிவில் வந்த கட்டளைகள்:

கூட்டுக்குள்ளே ஈரம் நிக்கக் கூடாது,
உமி போட்டுச் சாம்பல் தூவுங்கோ.
வாடை அடிக்கிற பக்கம் தறப்பாளை இறக்கிக் கட்டுங்கோ.
குருணல் பூஞ்சணம் பிடிச்சால் கழிச்சல் வரும்.
நனைஞ்ச கோழியை அடுப்படிக்குக் கொண்டுவந்து
என்னை எண்டு நினைச்சுத் துடையுங்கோ.

கடைசியை மட்டும் இரண்டு தரம் கேட்டேன்.

பதினோராவது
விறகு அட்டிக்குப் பின்னால் இருந்தது.
சாம்பல் பேடு,
உடைந்த கடகத்துக்குள், ஒன்பது முட்டைமேல்,
தொட்டால் கொத்துகிற கோபத்தோடு.
கார்த்திகை மழையில்
எந்தக் கோழியாவது அடை கிடக்குமா?

நடுச்சாமம் கழிந்து பதில் வந்தது.
மேடம் வீட்டுக் குசினியில் நின்று
குளிர்சாதனப் பெட்டி உறுமும் சத்தத்துக்குக் கீழே
கிசுகிசுத்திருந்தாய்:
எழுப்பாதேங்கோ. அது கணக்குத் தெரியாமல் கிடவாது.
இடிக்கு முட்டை கலங்கும்.
ஒரு கரித்துண்டும் ஒரு இரும்புத்துண்டும்
வைக்கோலுக்குள்ளே வையுங்கோ.

கரி அடுப்பிலே கிடந்தது.
ஆணியெல்லாம் கூரைத் தகரத்துக்குப் போய்விட்டது.
இருப்பது ஒரே கத்தி.
மண்வெட்டி கடகத்துக்குள் அடங்காது.
மேற்கே ஒருமுறை மின்னியது.

மலசலகூடத்துப் பின்பக்கம்
மழை அரித்த மண்ணில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.
உள்ளங்கை அளவு,
ஒரு ஓரம் மழுங்கி, மற்ற ஓரங்கள் பல்லும் பல்லுமாய்.
இரண்டு தரம் தேடி
இனி ஒன்றுமில்லை என்று
கையெழுத்து வைத்துத் தந்த வளவு இது.
மாரிக்கு மாரி
தன் பாட்டில் முட்டையிடுகிறது.

எடுக்க வேண்டாம் என்று டாக்டர் விட்டுவைத்த ஒன்று
என் தோளுக்குள்ளும் கிடக்கிறதே,
வாடைக்கு விழித்துக்கொள்ளும்.
அதன் கூடப்பிறந்ததாக இருக்கலாம்.

சுடுதண்ணீரில் கழுவினேன்.
சவர்க்காரம் போட்டேன், ஏனோ.
பேடு என் மணிக்கட்டில் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு
சொண்டால் வைக்கோலை இழுத்து
அதையும் மூடிக்கொண்டது.

இரும்பு வைச்சனீங்களோ?
வைச்சன்.
என்ன இரும்பு?
பழைய கதவுப் பிணைச்சல்.
எந்தக் கதவு? எங்களுக்குக் கதவு வந்ததே
போன வருசம்தானே, என்று சிரித்தாய்.
நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு இடித்தது,
ஏழு இரவு, எட்டு இரவு.
கரண்ட் இல்லை.
ஒருநாள் மரநாய் வந்து கம்பிவலையைப் பிறாண்ட
சருவச் சட்டியில் அகப்பையால் அடித்து
பக்கத்து வளவு அந்தோனிப்பிள்ளையரை எழுப்பிவிட்டேன்.
கறுப்பி கழிச்சலில் போனது.
மஞ்சள் அரைத்துக் கொடுத்தும் போனது.
சுண்ணாம்பு தூவித் தாட்டேன்.
உனக்குச் சொல்ல மூன்று நாள் பிடித்தது,
சொன்னபோது நீ பேசாமல் இருந்தாய்,
உறுமல் மட்டும் கேட்டது.

இருபத்தோராம் நாள் விடியப்புறம்
கடகத்துக்குள் யாரோ ஊசி விற்பதுபோலச் சத்தம்.
ஆறு குஞ்சு.
இரண்டு கூழ்.
ஒன்று கோதை உடைத்து, தலையை நீட்டி,
அவ்வளவோடு நின்றுவிட்டது.

படம் அனுப்பினேன்.
ஆறோ ஏழோ, ஒண்டு ஆடிட்டுது, என்றாய்.
அங்கேயும் குளிராம்.
மேடத்தின் மகன் கழித்த சுவெற்றரைப் போட்டிருக்கிறாயாம்,
கை நீளமாம்,
மாவு குழைக்கும்போது மடித்து மடித்து விடுவாயாம்.

வைக்கோலை எரித்தேன்.
துண்டிலே முட்டைக்கோது ஒரு சில்லு ஒட்டியிருந்தது.
பழைய இரும்புக்காரனின் மணி
ஒழுங்கை திரும்பும்வரை கையிலே வைத்திருந்தேன்.
பிறகு வளைமரத்து இடுக்கில் செருகினேன்.

நீ அடுத்ததை அனுப்பியிருந்தாய்:
குஞ்சுக்குத் தண்ணி ஆழமாய் வைக்காதேங்கோ,
சிரட்டை காணும்.