இடம்

அட்டைப்பெட்டிக்குள் நாற்பத்தொரு படங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், தாளில் ஒரு கட்டம்:
'இடம்'.
வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரட்டாம், திருகோணமலைக் கந்தோரில்.

கோட்டை வாசல் தூண்.
கோணேசர் மலையில் கோயிலாய் நின்ற கல் என்பார்கள்.
வந்த தூரம் அரை மைல் இருக்காது.
திரும்பிப் போக
நானூறு வருசம் காணவில்லை.

வீதியை அகலிக்கக் கிளப்பிய மார்பளவுச் சிலை.
இப்போது நகரசபைப் பின்வளவில்
தண்ணீர் பவுசருக்குப் பக்கத்தில்
மதிலைப் பார்த்தபடி.
பெயர்க்கல் வேறு லொறியில் போனதாம்.

ஹயாத்தும்மா மூன்று படங்களில் இருக்கிறா:
மூதூர், கந்தளாய், மறுபடி மூதூர்.
மூன்றிலும் கையில் அதே மஞ்சள் கான்.
நடுப்படத்தில் மட்டும் மூடி இல்லை.

இது எங்கள் பள்ளிக்கூடம்.
பலகையில் இலுப்பைச்சேனை,
பின்னால் கிளிவெட்டி முகாமின் தறப்பாள்.
அந்தப் பலகையை உழவு மெசினில் ஏற்றியது
நானும் விநாசித்தம்பி சேரும்.
வெருகல் தாண்டமுன் மழை பிடித்துக்கொண்டது.
ஒன்பது பிள்ளைகள் அதன் கீழே ஒண்டினார்கள்.
அன்றிரவு பள்ளிக்கூடம் என்பது ஆறடித் தகரம்.
குந்தியிருந்தபடியே இடாப்புக் கூப்பிட்டேன்.
வராத ஒருத்திக்கும்
இருட்டுக்குள் யாரோ 'உள்ளேன்' என்றார்கள்.
இந்தத் தாளில் என்ன எழுத?
விட்டு வைத்திருக்கிறேன்.

கடைசிப் படம்.
நாலு அத்திவாரக் கல், எருக்கலை,
யாருடையதோ ஒரு மாடு.
ஆளில்லை.
இதற்கு மட்டும் யோசிக்காமல் எழுதினேன்:
இலுப்பைச்சேனை.