நுனியைப் பிடிக்க ஒரு ஆள்

இரண்டாம் வருடம். உள்ளக வடிவமைப்பு. ஐந்தாம் ஒப்படை:
நீங்கள் வசிக்கும் அறையை அளந்து வாருங்கள்,
ஒன்றுக்கு ஐம்பது, மைப் பேனை, அழித்தல் கூடாது.
விதானகே சேர் சொன்னது அவ்வளவுதான்.
எத்தனை பேருடன் என்று கேட்கவில்லை.

ஹட்டனில் மாறி, பொகவந்தலாவை பஸ்ஸில்
நின்றபடியே வந்தேன்.
பைக்குள் ஐந்து மீற்றர் டேப்,
விட்டால் சட்டென்று உள்ளே ஓடிவிடும் சாதி.

மழை. மேட்டு லயம், எட்டாவது காம்பரா.
அம்மா மலையில்.
டேப்பின் கொக்கியைச் சுவரில் மாட்டினேன்;
சுண்ணாம்பு பெயர்ந்து கொக்கியோடு வந்தது.
நுனியைப் பிடிக்க ஒரு ஆள் தேவை.
காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாத
பக்கத்துக் காம்பரா கவிதரன் பிடித்தான்.

பின்சுவர் மூன்று மீற்றர் பன்னிரண்டு.
முன்சுவர் மூன்று மீற்றர் நான்கு.
எட்டு சென்ரிமீற்றர் எங்கே போனது?
"எலி தின்னுருக்கும் அக்கா."
நேரான அறையில்தான் வளர்ந்தேன் என்று
இருபத்திரண்டு வருடம் நம்பியிருக்கிறேன்.

தளபாடங்களுக்கிடையே நடக்க
அறுநூறு மில்லிமீற்றராவது வேண்டும்
என்கிறது பாடக்குறிப்பு.
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே
எங்களிடம் இருப்பது இருநூற்றுப் பத்து.
நடை பழகும்போதே
பக்கவாட்டில் நடக்கப் பழகினோம்.

பகலுக்கு ஒரு வரைபடம் போட்டேன்.
இரவுக்கு இன்னொன்று:
பாய் விரித்து, மேசை இஸ்தோப்புக்குப் போய்,
அப்பா புரண்டால் தம்பியும் புரளவேண்டிய வரைபடம்.
அதில் கதவு முழுதாய்த் திறக்காது.

அப்போதுதான் முத்துலெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தாள்.
"வீட்டு லிஸ்டுக்கா புள்ள?"
இல்லை அக்கா, கெம்பஸுக்கு, மார்க்ஸுக்கு.
"சரி சரி. எங்க காம்பராவையும் எழுதிக்க.
போன தடவ எங்க பேரு விட்டுப்போச்சு."

விளக்கினேன். தலையாட்டினாள்.
தலையாட்டிக்கொண்டே போய்
லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் அவசரமாகக் கூட்டினார்கள்.
ஒருத்தி அடுப்பங்கரைக்குச் சேலை மறைப்புக் கட்டினாள்.
மூன்றாம் காம்பராவில்
"அளக்க வந்துருக்காங்க, எந்திரி" என்று
குடித்துக் கிடந்தவரை எழுப்பி
மழையில் நிறுத்தினார்கள்.
அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.
அந்த அறையில் எல்லா எண்களையும்
இரண்டு தரம் எழுதவேண்டி வந்தது.

"தகரத்துல நாலு ஓட்டை, அதயும் போடு" என்றார் ஆரோக்கியம்.
ஒழுகலுக்குக் குறியீடு சொல்லித்தரவில்லை.
நான்கு புள்ளி வைத்தேன்.
புள்ளிக்குக் கீழே வாளியையும் வரைந்தேன்,
தளபாடம் என்று.

நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை.
வெட்டுமுகம் வரைந்தபோதுதான் கண்ணில் பட்டது:
ஒரே நீளத் தகரம், கீழே பன்னிரண்டு குடும்பம்,
மேலே திறந்த இடைவெளியில்
ஒரு வீட்டு இருமல், ஒரு வீட்டுக் கருவாட்டுப் புகை,
ஒரே நாடகம் ஏழு டீவியில்.

ஐந்து மணிக்கு அம்மா வந்தாள்.
நான் கடைசிக் காம்பராவில் முழங்காலிட்டிருந்தேன்.
கவிதரன் அசந்துபோயிருந்தான்.
யார் அனுப்பியது, எதற்கு, எதுவும் கேட்கவில்லை.
இடுப்புப் படங்கை அவிழ்த்துப் போட்டாள்,
கொழுந்துக் கறைக் கையைத் துடைத்தாள்,
"எங்க பிடிக்கணும்?"

தாள் போதவில்லை. மூன்றை ஒட்டினேன்.
வாடிக்கையாளர் என்ற கட்டத்தில்
பன்னிரண்டு பெயரும் கொள்ளாமல்
ஓரத்துக் கோட்டைத் தாண்டிப் போயின.
"ஒரு அறைதானே கேட்டேன்?" என்றார் சேர்.
தாளை முழுக்க விரிக்க
அவருக்கும் நுனியைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

ஞாயிறு தவறாமல் முத்துலெட்சுமி அக்காவின் அழைப்பு.
"லிஸ்ட் வந்துருச்சா?"
மார்க்ஸே இன்னும் வரவில்லை அக்கா.
"வரும் புள்ள, வரும்.
மனச விட்டுறாத."