செவ்வாய்க்கான காரணம்

அக்டோபர் கடைசியில் படிவம் வந்தது.
வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை.
எந்த இரண்டு? கட்டத்தில் குறியிடவும்.
பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி: காரணம்.

தம்பெரே நகரில், ஓய்வூதியக் கணக்குப் பிரிவில்
நாங்கள் பதினோரு பேர்.

யோவ்னி வெள்ளியைக் கேட்டான்.
வியாழன் இரவே ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விடுவான்;
கேமராவில் அவன் முதுகுக்குப் பின்னால்
பைன்மரச் சுவரும் தூண்டிலும் தெரியும்,
நாங்கள் தெரியாதவர்களாக இருப்போம்.
தாய்னா மின்கட்டணம் பார்த்து ரொட்டி சுடுகிறவள்.
காற்று பலமாக வீசினால் மின்சாரம் மலிவு.
"காற்று எந்தக் கிழமை வரும் என்று
இதில் எங்கே எழுதுவது?" என்றாள்.
வியாழனை ஒருவரும் தொடவில்லை.
வியாழன் என்றால் உணவகத்தில் பட்டாணி சூப்,
பின்னால் ஜாம் தடவிய பான்கேக்.
அதை விட்டு வீட்டில் உட்கார எவருக்குப் பைத்தியம்?

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.
இடம் நான்கு, ஆள் ஏழு.
வாரத்தை நடுவில் ஒடித்து
இரண்டு குட்டி வாரமாகத் தின்றுவிடலாம் என்று கணக்கு.
மேலாளர் மெர்யா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிச்
சீட்டுக் குலுக்கினாள்.

நான் கேட்டது செவ்வாய்.
செவ்வாயோ வெறுவாயோ என்று
அது பாட்டுக்குக் கிடந்தது, போட்டியே இல்லை.
இன்னொரு நாள் எதுவானாலும் சரி என்றேன்.
திங்கள் தந்தார்கள்.
பெட்டியில் எழுதினேன்: கவனம் சிதறாமல் வேலை பார்க்க.

சுத்தப் பொய்.

சுவருக்கு அந்தப் பக்கம் கந்தோலா.
கடிதத் துளைமேல் அந்தப் பெயர்;
அதற்குமேல் ஒன்றும் தெரியாது, ஆறு வருடமாக.
வெளியே ஆளில்லை என்று காதுகொடுத்துக் கேட்டபிறகே
நான் கதவைத் திறப்பேன்.
அவரும் அப்படித்தான். இங்கே அதுதான் மரியாதை.

பனியில் வழுக்கி, காலில் கட்டோடு
நான் வீட்டில் கிடந்த மார்ச்சில் தெரிந்தது:
அவரிடம் ஒரு நாய்.
செவ்வாய்தோறும் ஏழே காலுக்கு அவர் கதவு சாத்தும்.
ஏழரைக்கு அது தொடங்கும்.
குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை.
கெட்டில் கொதிக்கப்போகிற ஒலி,
நாளெல்லாம், கொதிக்காமலே.

எரிச்சலில்தான் முதலில் சுவரைத் தட்டினேன். மூன்று தட்டு.
நின்றது.
மரத்தரையில் நகங்கள் உரச நடந்துவந்து
சுவரை ஒட்டி ஏதோ உட்கார்ந்தது.
கால்மணி கழித்து மறுபடி. நானும் மறுபடி.

அதனால்தான் செவ்வாய்.
நவம்பரில் மேசையை ஜன்னலோரத்திலிருந்து
சுவரோரத்துக்கு இழுத்தேன்.
வலது கை ஓய்வூதியம் போடும், இடது கை தட்டும்.
கூட்டத்தின் நடுவே ஒருமுறை மெர்யா
"யார் கதவைத் தட்டுவது?" என்றாள்.
"குழாய்" என்றேன்.
பழைய கட்டடம், உறைபனி. நம்பினாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்.
ஏழே காலுக்குக் கதவு சாத்தவில்லை.
ஏழரை. எட்டு. வெளியே இன்னும் இருட்டு.
சுவர் சும்மா இருந்தது.
பிறகு ஒரு தும்மல். நாற்காலிச் சக்கரம்.
"கேட்கிறதா? என் குரல் கேட்கிறதா?"
அவர் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.
அவருக்கும் எங்கிருந்தோ படிவம் வந்திருக்கிறது.
அவரும் ஒரு பெட்டியில் எதையோ எழுதியிருக்கிறார்.

நல்ல செய்திதான்.
ஆனால் பத்தரை வரை ஒரு கோப்பும் நகரவில்லை.

ஜனவரியில் நாளை மாற்றிக்கொள்ளலாமாம்.
புதனில் ஓர் இடம் காலி,
தொப்பியில் போட உன் பெயரையும் எழுதட்டுமா
என்று மெர்யா கேட்டிருக்கிறாள்.
பதில் பாதியில் நிற்கிறது.

பழக்கதோஷம், இடது கை தட்டிவிட்டது, மூன்று.
அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
நகங்கள் சுவரை நோக்கி வந்தன.
"ஒன்றுமில்லை" என்றார் கந்தோலா, யாரிடமோ.
"குழாய்."