பெயர் வைப்பதற்கு முன்

காலை ஆறு மணி அறிக்கையில்
எனக்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் நாற்பது இருக்கும்.
மிதமான. ஓரளவு கொந்தளிப்பான. வடகிழக்கிலிருந்து.
"ஐயோ" அதில் இல்லை.
"அநேகமாக" உண்டு;
அதை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

சால் தீவில், ஓடுபாதைக்குப் பின்னால் அலுவலகம்.
ஜன்னல் விளிம்பில் சகாராவின் மண்
துடைக்கத் துடைக்க வந்து உட்காரும்,
வட்டிக்காரன் மாதிரி.

முதலில் தூரத்துக் கடல்கள்.
கினி வளைகுடா: இடியுடன் மழை, பார்வை மங்கல்.
டாக்கருக்கு மேற்கே: காற்று பதினைந்து நாட், அலை இரண்டு மீட்டர்.
நடு அட்லாண்டிக்: தெற்கிலிருந்து நீண்ட அலை
(பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம்
ஏதோ குளிர்காலப் புயல் போட்ட கடிதம்,
போட்ட கை எப்போதோ ஓய்ந்திருக்கும்).
கடைசியில் எங்கள் தீவுகள்.
எங்களைப் பற்றி எழுத ஒரு வரிதான் மிஞ்சும்.

அறிக்கை போன கையோடு தொலைபேசி.
பால்மெய்ராத் துறையிலிருந்து அடெரீட்டோ.
மீட்டரும் நாட்டும் அவருக்கு வேண்டாம்.
"எட்னேயா, போகலாமா?"
"கிழக்கே பதினெட்டு நாட், பிற்பகலில்..."
"போகலாமா?"
"அநேகமாக."
சிரிப்பார். பிறகு படகு எஞ்சினின் இருமல்.

ஆகஸ்ட் பதினொன்று.
கண்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு மேகக்கூட்டம் கடலில் இறங்கியது.
திரையில் அதன் நடுவே
கைக்குழந்தையின் உச்சந்தலையில் இருப்பதுபோல் ஒரு சுழி.
அடங்குமா அடங்காதா என்று
அந்த வயதில் யாரும் சொல்ல முடியாது.

சாந்தியாகோவின் சரிவுகளில்
புழுதியிலேயே சோளத்தை விதைத்துவிட்டு
எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.
வந்தது.
மூன்று முறை துப்பியது.
மண் அம்மைத் தழும்பாய்க் குழிந்து காய்ந்தது.
போய்விட்டது.
அப்போது அதற்கு ஓர் எண்தான்; பெயர் இல்லை.
என் நாத்தனார் ஜெனிஃபா என்னைத் திட்டினாள்,
மீதியை அலுவலக அலமாரியில்
நான் பூட்டி வைத்திருப்பதுபோல.

முப்பத்தைந்தாவது தீர்க்கரேகை தாண்டினால்
அது என் கடல் இல்லை.
வேறு மேசை, வேறு ஆள், வேறு நாற்பது சொற்கள்.
ஆனாலும் பார்த்தேன்,
தேநீர் வேளையில், கழிப்பறைக்குப் போகும் வழியில்,
வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிய பிறகும்.

ஆன்டிகுவாவில் என்னைப்போல ஒருத்தி, கெத்துரா.
நேரில் பார்த்ததில்லை.
பதினேழாம் தேதி எழுதினாள்:
"உங்கள் பிள்ளைக்கு இங்கே பெயர் வைத்தாயிற்று."
பத்தொன்பதில்: "அலை ஒன்பது மீட்டர்."
இருபதில்: "காற்று" என்று தொடங்கி
எண் இல்லாமல் நின்றது.

நான்கு நாள்.
எங்கள் கடல் எண்ணெய்போல் கிடந்தது.
நான்கு நாளும் எழுதினேன்: குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.
நாற்பது சொற்களில் இவைதான்
அன்றைக்கு வாயில் கசந்தன.

ஐந்தாம் நாள் கெத்துரா:
"கூரை போய்விட்டது. நாங்கள் இருக்கிறோம்.
தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன,
பாசாங்கு இல்லாமல் சொல்கிறேன், அது சந்தோஷமாக இருக்கிறது."
ஜெனிஃபாவுக்கு இதை நான் சொல்லவில்லை.
அவள் இரண்டாம் முறை விதை வாங்கப் போயிருந்தாள்,
கடனுக்கு.

இன்று காலை, விளிம்பில் இன்னொன்று.
அதே இடம். அதே சுழி.
அறிக்கையைத் தட்டிக்கொண்டே, திரைக்கு மட்டும் கேட்கும்படி
சொல்லிப் பார்த்தேன்:
இங்கேயே கொட்டு.
இருப்பதையெல்லாம் இங்கேயே கொட்டித் தீர்த்துவிடு.
மேற்கே கொண்டுபோக ஒரு சொட்டும் வைக்காதே.

அனுப்பிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஆறு பத்து.
தொலைபேசி அடிக்கவில்லை.
அடெரீட்டோ இன்று
கேட்காமலே போயிருக்கிறார்.