விழாப் பல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
மணல்திட்டிலிருந்து படகேறி
க்ளைபெடா துறைமுகத்தில் இறங்குகிறான் வீகின்டாஸ்.
பையில் சுடுநீர்க் குடுவை,
பச்சை, ஊதா, சாம்பல் என மூன்று பருமனில்
பல்லிடுக்குத் தூரிகைகள்.
பதினோரு வருடம். வராத ஒரு வருடம் போக
நாற்பது தடவை.

நாற்காலி சாய்கிறது.
கறுப்புக் கோடிட்ட மெல்லிய கம்பியை
ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்குகிறாள் ஸ்கைஸ்தே.
து, த்ரீஸ், து.
த்ரீஸ், த்ரீஸ், கெதுரி.
இரண்டு, மூன்று, இரண்டு. மூன்று, மூன்று, நான்கு.
உதவிக்கு நிற்பவள் தட்டச்சு செய்துகொண்டே வருகிறாள்.
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அலகிடப்படும் செய்யுள்.
இதில் மட்டும்
அசை இருக்கக் கூடாது.

முதல் வருடம் ஏழு, எட்டு, ஒரு ஒன்பது.
வாயை நான்கு பாகமாக்கி, மரக்கவைத்து,
வேர்வரைக்கும் காரையைச் சுரண்டினார்கள்.
பிறகு சதையைத் திறந்து கழுவித் தைத்தார்கள்.
அது சண்டை. சண்டை சுலபம்.
கஷ்டம் பின்னால் வந்தது:
ஒவ்வொரு இரவும் பன்னிரண்டு நிமிடம்
கண்ணாடி முன் வாயைக் கோணிக்கொண்டு நிற்பது,
தூக்கம் வந்தாலும்,
குடித்திருந்தாலும்.

போன எலும்பு திரும்பாது என்று
முதல் நாளே சொல்லிவிட்டாள்.
அவனுக்கு விளங்கியது. வேலையே அதுதான்:
காற்று வாரிப்போகும் மணல்மேட்டில்
சுள்ளி பின்னி வேலி நிறுத்துபவன்.
மேடு வளராது; மிஞ்சியது நிற்கும்.
வேலி மக்கும். மறுபடி பின்னவேண்டும்.
இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால் எரிச்சல்படுவான்.
மணல் ரத்தம் துப்புமா?

அண்ணன் படுக்கையில் கிடந்த வருடம் அவன் வரவில்லை.
திரும்பி வந்தபோது
கீழே இடது கடைவாய்ப்பல் விரலுக்கு ஆடியது.
ஸ்கைஸ்தே திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
நாக்கு இன்னமும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

இன்று, மேலே வலது பக்கம், கடைசிக்கு முந்தியதில்
எண் நிற்கிறது.
கம்பியை எடுத்து மறுபடி இறக்குகிறாள்.
ஷெஷி. ஆறு.
திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.
புகைத்தாயா?
திறந்த வாய்க்கு உயிரெழுத்து மட்டும்தான் வரும்.
கையைத் தூக்கி நான்கு விரல் காட்டுகிறான்.
அண்ணனைப் புதைத்த அன்று, நான்கு.
அவள் தலையசைத்து, ஊசியை எடுத்து,
இந்த முறை இரண்டு மாதத்தில் வா என்கிறாள்.

அவனுக்குத் தெரியாத என் மொழியில்
ஈறு என்றால் முடிவு.
இந்த வைத்தியத்துக்கு அது கிடையாது.
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று
வகுப்பில் மனப்பாடம் செய்தேன், ஓடாக் குதிரை, வாடா மலர்.
உதாரணம் போதவில்லை என்று இப்போது தோன்றுகிறது.
விழாப் பல்.
கொண்டாட ஒன்றுமில்லை அதில்.
விழவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும் படகில், மேல்தளத்தில்,
பல்லிடுக்குகளில் காற்று புகுந்து சீழ்க்கையடிக்கிறது.
மரப்பு விட்டுவிட்டதா என்று கன்னத்தைத் தட்டிப் பார்த்து
காகிதத்தைப் பிரிக்கிறான்.
கறுப்பு ரொட்டியின் முரட்டு ஓரத்தை
வலது பக்கமாகவே வைத்து,
மெதுவாக, அவ்வளவாக நம்பாமல்,
கடிக்கிறான்.